ஏவுதல் கருத்தாவின் மியூசியம்

எந்த ஊருக்குக் கூட்டம் பேசப் போனாலும் அங்கே மியூசியம் இருக்கிறதா என்று விசாரிப்பது எனக்குப் பழக்கமாகிப் போய்விட்டது. எழும்பூர் மாதிரிப் பெரியதைச் சொல்லவில்லை. நாலைந்து அறை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள், டிக்கெட் கிழிப்பதும் விளக்குப் போடுவதும் அவரேதான் என்கிற மாதிரியான சின்ன மியூசியங்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரன் கோட்டைக்குள் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டையில் சமஸ்தானத்துக் காலத்தில் 1910இல் தொடங்கியது கொஞ்சம் பெரியது. தனிப்பட்டவர்கள் சேர்த்துவைத்த நாணயம், விளக்கு, பூட்டு, பழைய ரேடியோ என்று வேறு சில.

இவற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து ஒரு கணக்கு எனக்குப் பிடிபட்டிருக்கிறது. கட்டாயம் ஒரு முதுமக்கள் தாழி இருக்கும். ஒரு வாள் இருக்கும். அந்த ஊரில் எவனோ பெரிய மனுஷன் உட்கார்ந்த நாற்காலி இருக்கும். உட்கார்ந்தவனுக்குப் பெயர் உண்டு. நாற்காலி செய்தவனுக்கு இல்லை. அதைத் தலையில் வைத்து ஊர் ஊராகத் தூக்கிப் போனவனைப் பற்றிப் பேச்சே கிடையாது. பறை இருந்தால் 'தோல் கருவி' என்று எழுதியிருப்பார்கள். எந்தத் தோல், யார் உரித்தது, யார் அடித்தது என்று கேட்டால் வாசலில் இருப்பவருக்குச் சங்கடம்.

நான் தமிழ் படித்தவள். இலக்கண வகுப்பில் மூன்றாம் வேற்றுமைக்கு ஓர் உதாரணம் சொல்லித் தருவார்கள். 'தச்சனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் இயற்றுதல் கருத்தா. 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் ஏவுதல் கருத்தா. செய்தவன் ஒருத்தன், செய்யச் சொன்னவன் ஒருத்தன். இரண்டையும் ஒரே 'ஆல்' உருபுக்குள் அடக்கிவிடும் நம் மொழி. பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியதோடு அதை மறந்துவிட்டேன். மூணாறு டீ மியூசியத்துக்குள் நின்றபோதுதான் மறுபடியும் ஞாபகம் வந்தது.

போனது என் அத்தையோடு. அப்பாவின் அக்கா. எங்களுக்குக் கயத்தாறு பக்கம். அத்தை மலையிலேயே பிறந்து, மலையிலேயே கொழுந்து பறித்து, வயசு முடிந்து கீழே இறங்கி வந்தவள். எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை. எல்லா மலையிலும் ஒரே சட்டம்தான். வேலை இருக்கிறவரை லயம். வேலை முடிந்தால் லயத்தை ஒழித்துக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். மூணு தலைமுறை அடுப்பெரித்த வீட்டில் ஒரு செங்கல்லுக்கும் உரிமை கிடையாது. அத்தை பெட்டி படுக்கையோடு ஊருக்கு வந்தபோது ஊரில் அவளை யாருக்கும் தெரியவில்லை. 'மலைக்காரி' என்றார்கள். மலையில் அவளைப் 'பாண்டிக்காரி' என்றார்கள்.

ஒரு கல்யாணத்துக்காக மூணாறு போனோம். மறுநாள் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. "அத்தே, இங்க டீ மியூசியம் இருக்காம், போவமா?" என்றேன். "அதுல என்ன இருக்கு?" "டீயப் பத்தி எல்லாம் வச்சிருப்பாங்க." "டீயப் பத்தி எனக்கு எவன் சொல்லணும்?" என்றாலும் வந்தாள்.

நல்லதண்ணி தோட்டத்தில் இருக்கிறது இந்த மியூசியம். டாட்டா டீ கம்பெனி 2005இல் திறந்தது. அதே வருஷம்தான் மூணாறு தோட்டங்கள் டாட்டாவிடமிருந்து கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன் என்கிற புதுக் கம்பெனிக்குக் கைமாறின. சுற்றுலா வருகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம். சுத்தமாக, நேர்த்தியாக வைத்திருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. பல அரசு மியூசியங்களில் தூசிக்குள்தான் வரலாற்றைத் தேட வேண்டியிருக்கிறது.

உள்ளே என்னென்ன இருக்கிறது? பழைய தேயிலை உருட்டும் இயந்திரம். கன்னிமலைத் தோட்டத்து மின் நிலையத்தில் 1920களில் ஓடிய பெல்ட்டன் சக்கரம். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சின்ன ரயிலின் எஞ்சின் சக்கரம். பங்களாக்களில் கிடந்த மர நாற்காலி, மேஜை. ஆபீஸில் இருந்த டைப்ரைட்டர், கையால் சுற்றும் கணக்கு மெஷின். மேக்னெட்டோ டெலிபோன். துரை குளித்த மரத்தொட்டி. பெரியகானல் பக்கம் கிடைத்த தாழி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டுத் தாழியாம். பார்த்தீர்களா, இங்கேயும் தாழி! அதற்குள் புதைந்தவர் என்ன சாதி என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் இடம் கிடைத்ததோ என்னவோ.

தொட்டிக்கு முன்னால் அத்தை நின்றுவிட்டாள். "இதுக்குத் தண்ணி தூக்குனது ஆருன்னு போட்டுருக்கானா, மருமவளே?" நான் குனிந்து பார்த்தேன். போடவில்லை.

கொழுந்துக் கூடையும் கம்பளியும் என் கண்ணில் அகப்படவில்லை. ஏதாவது ஒரு மூலையில் இருந்திருக்கலாம், நான் தவறவிட்டிருக்கலாம். படங்களில் கொழுந்து பறிக்கிற பெண்கள் உண்டுதான், டீ பாக்கெட்டிலும் உண்டுதானே. ஒரு பொருள் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதோடு என் விமர்சனம் நிற்கவில்லை. எது நடுவில், எது ஓரத்தில் என்பதைப் பார்க்க வேண்டும். மியூசியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் பொருட்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். பங்களா, ஆபீஸ், பேக்டரி, ரயில். அந்த மலையில் மிகப் பெரும்பான்மையான ஜனங்கள் வாழ்ந்தது இந்த நாலு இடத்திலும் இல்லை. அவர்கள் காட்டிலும் லயத்திலும் இருந்தார்கள்.

ஆனால் அந்த மியூசியத்தில் என்னை உலுக்கிய பொருள் வேறு. அது ஒரு சூரியக் கடிகாரம். 1913இல் செய்தது. கருங்கல் பீடத்தின்மேல் வைத்திருக்கிறது. செய்தது நாசரேத்து கலைத்தொழிற்பள்ளி என்று சொல்கிறார்கள். எந்த நாசரேத்து? நம் திருநெல்வேலிச் சீமை நாசரேத்துதான், இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். கயத்தாறும் இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம்தான். அத்தையின் பாட்டன் ஏறிய காலமும் கிட்டத்தட்ட அதேதான்.

யோசித்துப் பாருங்கள். ஒரே சீமையிலிருந்து ஒரு கல்லும் ஒரு மனுஷனும் மலை ஏறினார்கள். கல்லுக்கு ஊர் உண்டு, வருஷம் உண்டு, செய்த பள்ளிக்கூடத்தின் பெயர் உண்டு. அது மணி காட்டும் கல் வேறு. எந்த மணிக்குப் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், எந்த மணிக்குக் கொழுந்து நிறுக்க வேண்டும் என்று காட்டுகிற காலத்தின் கல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்துக்குள் ஓடி ஓடிச் செத்தவனுக்கு அது இல்லை.

மூணாறின் வரலாறு என்று சுற்றுலாக் கையேடுகளில் வருவது இதுதான். 1877இல் மன்றோ துரை பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையை வாங்கினார். 1880இல் ஷார்ப் துரை தேயிலை நட்டார். 1897இல் கம்பெனி வந்தது. 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், 1908இல் அதை ரயிலாக மாற்றினார்கள், 1924 வெள்ளம் ரயிலை அடித்துப் போனது. ஷார்ப் துரை நட்டார்! குனிந்து குழி தோண்டி நட்டாரா? வகுப்பில் படித்த ஏவுதல் கருத்தா இதுதான். காட்டை வெட்டியவர்கள், மலைக்காய்ச்சலில் செத்தவர்கள், போடியிலிருந்து கொட்டகுடி வழியாகத் தலைச்சுமையோடு ஏறியவர்கள் எல்லோரும் அந்த ஒரு 'ஆல்' உருபுக்குள் மறைந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், அருந்ததியர் என்பதைத் 'தமிழ்த் தொழிலாளர்கள்' என்ற சொல் இன்னொரு தடவை மறைக்கிறது. சாதி பார்த்துத்தான் கங்காணி ஆள் பிடித்தான். பஞ்சமும் கடனும் பண்ணையடிமைத்தனமும் துரத்தியவர்கள்தான் மலை ஏறினார்கள். வரலாறு எழுதும்போது மட்டும் சாதி மறந்துபோகும்.

அங்கிருந்து தேயிலை எப்படிப் போனது தெரியுமா? ரயிலில் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து கயிற்று வழியாகக் கொட்டகுடி. வண்டியில் போடி. அப்புறம் தூத்துக்குடித் துறைமுகம், கப்பல், சீமை. தூத்துக்குடியைப் பார்க்கப் பெட்டிக்குள் இருந்த தேயிலைக்குக் கொடுத்துவைத்தது. பறித்தவள் சாவு, கல்யாணம் என்று லீவு கேட்டு நின்றால்தான் கீழே இறங்க முடியும்.

டெலிபோனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேக்னெட்டோ டெலிபோனைப் பார்த்து ஒரு பையன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு 2020 ஆகஸ்டு 6 ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து நாலு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். நாலு பேருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. கரண்டு இல்லை, போன் இல்லை. சேதி வெளியே வர மறுநாள் காலை ஆனது. செத்தவர்களில் பலர் எங்கள் கயத்தாறு வட்டாரத்துக் குடும்பங்கள். நூறு வருஷத்துக்கு முந்தியே துரையின் பங்களாவில் மணி அடித்த ஊர் அது. லயத்துக்கு அந்த மணி கடைசிவரை அடிக்கவில்லை. நான் மியூசியம் வைத்தால் அந்த டெலிபோனுக்குப் பக்கத்தில் இதை எழுதிவைப்பேன்.

தேயிலை எப்படித் தயாராகிறது என்று இயந்திரத்தை ஓட்டிக் காட்டுகிற இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. விளக்கிக்கொண்டிருந்த பையன் இரண்டு இலை, ஒரு குருத்து என்று பாடம் ஒப்பித்தான். அத்தை மெல்ல என்னிடம்தான் சொன்னாள்: "மழைக்குப் பொறவு வெயிலடிச்சா ரெண்டு நாள்ல முத்திப்போகும். அன்னைக்குக் கத்தரி வச்சாத்தான் ஆகும். கைக்கு வராது." பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். ஒரு அம்மாள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அட்டை கடிக்குமா? சுண்ணாம்பும் புகையிலையும் கட்டிக்கொள்வோம். மழையில் வேலை உண்டா? எந்த மழைக்கு நிறுத்தினான்? கால் மணி நேரம் அத்தைதான் மியூசியம். விளக்குகிற பையனும் கேட்டுக்கொண்டு நின்றான். பாவம், அவனும் ஒரு லயத்துப் பிள்ளைதான், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. கடைசியில் அந்த அம்மாள், "கொஞ்சம் வெளியே வந்து தேயிலைச் செடிகிட்ட நிக்கிறீங்களா, ஒரு போட்டோ" என்றாள். அத்தை வரவில்லை.

இலங்கைக்கு ஓர் இலக்கியச் சந்திப்புக்காகப் போனபோது இதே தேயிலைக்கு இரண்டு மியூசியங்கள் பார்த்தேன். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் ஒன்று. 1925இல் கட்டிய பேக்டரியைப் புதுப்பித்து 2001இல் திறந்தார்கள். மாடி மாடியாக இயந்திரங்கள், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் சாமான்கள், உச்சியில் டீ குடிக்கிற இடம். மூணாறுக்கு அண்ணன் மாதிரி. இரண்டாவது, கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகாக் தோட்டத்தில் இருக்கிற தோட்டத் தொழிலாளர் மியூசியம். சமூக அபிவிருத்தி நிறுவனம் என்கிற அமைப்பு 2007இல் தொடங்கியது. அது இருப்பது ஒரு பழைய லயத்திலேயே. வீட்டுச் சாமான், வேலைக் கருவிகள், இசைக் கருவிகள், பழைய தாள்கள். வாசலில் குனிந்து நுழையும்போதே பாதி விஷயம் புரிந்துவிடுகிறது. காட்சிப்பொருள் எது, கட்டடம் எது என்று பிரிக்க முடியாது. 1948இல் குடியுரிமையைப் பறித்து, 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு என்று மாட்டுச்சந்தை மாதிரிப் பிரித்துக்கொண்ட ஜனங்கள், தாங்கள் இங்கே இருந்தோம் என்பதற்குச் சாட்சி சேர்த்துவைத்திருக்கிறார்கள். தாளின் அருமை அவர்களுக்குத் தெரியும். தாள் இல்லாததால் நாடு இல்லாமல் போனவர்கள் அவர்கள்.

அதையும் நான் கேள்வி இல்லாமல் பார்க்கவில்லை. தொழிலாளி என்று சொன்ன உடனே எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள். பெரிய கங்காணி எந்தச் சாதி, அவன் வீட்டுக்குள் யார் போகலாம், எந்த லயம் யாருக்கு என்பதெல்லாம் மலையகத்தில் இருந்ததுதான். விடிகாலையில் ஜனங்களை வேலைக்கு எழுப்பத் தப்பு அடித்தார்கள். அடித்தவன் எந்தச் சாதி என்று நான் சொல்லவேண்டியதில்லை. தப்பை 'மலையக இசைக்கருவி' என்று மட்டும் சொல்லி வைத்தால் அந்த விடிகாலையில் பாதி போய்விடும்.

ஆக, நம் மியூசியத்தை நாமே வைக்க வேண்டும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டு, மூணாறு பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அத்தையிடம் கேட்டேன். "அத்தே, ஒங்க கூடை இருக்கா? கம்பளி?" நம் தெரு இரவுப்பள்ளியில் ஒரு கண்ணாடி அலமாரி போட்டு வைக்கலாம் என்பது என் திட்டம்.

"கொளுத்திட்டேன்."

"என்னது?"

"எறங்குத அன்னைக்கே லயத்து முன்னால போட்டுக் கொளுத்திட்டுத்தான் வந்தேன். முதுகுல கெடந்தது போதாதா? நான் கெடந்த கெடப்ப கண்ணாடிக்குள்ள வச்சு ஊரு பாக்கணுமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. எதிர் வரலாறு, விளிம்பின் குரல் என்றெல்லாம் கட்டுரை எழுதுகிறவள் நான். அவள் செய்தது வேறு. அவள் தன் வரலாற்றில் எது நிற்க வேண்டும், எது சாம்பலாக வேண்டும் என்று தானே தீர்மானித்திருக்கிறாள். நாமாக இருந்தாலும் அவள் கூடையை அவளைக் கேட்காமல் காட்சிக்கு வைத்தால், செடிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்ன அந்த அம்மாளுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? புனேயில் சிம்பயாசிஸ் நடத்துகிற அம்பேத்கர் மியூசியத்தில் அவர் வயலின் இருக்கிறது. ஜனங்கள் அதற்கு முன்னால் நிற்கிற நிலையை நினைத்துப் பார்க்கிறேன். அவமானத்தின் கருவிகளுக்கு முன்னால் அப்படி நிற்பார்களா? நம் சேகரிப்புகள் துடைப்பத்தையும் மலக்கூடையையும் மட்டுமே அடுக்கினால், அவர்கள் நமக்கு ஒதுக்கிய இடத்தை நாமே காசு போட்டுக் கட்டிக்கொள்வதாகாதா? துடைப்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொளுத்தப்பட்டதும் வரலாறுதான் என்கிறேன். காலியான இடத்தில் ஒரு சீட்டு எழுதி வைக்கலாம்: கூடை, உரியவரால் எரிக்கப்பட்டது. இந்த இடத்தில் 'ஆல்' உருபு சரியாக உட்காருகிறது.

இது மூணாறோடு முடிகிற விஷயமும் இல்லை. மாஞ்சோலையைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 வருஷக் குத்தகை, எட்டாயிரத்து முன்னூற்றுச் சொச்சம் ஏக்கர், 2028இல் முடிகிறது. 2024இலேயே தொழிலாளிகளிடம் விருப்ப ஓய்வு எழுதி வாங்கினார்கள். விருப்பம் யாருடையது? இங்கேயும் ஏவுதல் கருத்தாதான். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வாழ்ந்த ஜனங்கள் இறங்குகிறார்கள். 1999 ஜூலை 23 அன்று இதே மாஞ்சோலைத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்ட, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். காடு காடாகவே திரும்பட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. நாளைக்கு அந்த மலையில் ஒரு மியூசியம் வரும், நிச்சயம் வரும். புலி இருக்கும், பறவை இருக்கும், துரை பங்களா இருக்கும், பழைய ரோலர் இருக்கும். லயத்துச் சாமான்கள் இப்போதே பழைய இரும்புக்காரன் தராசுக்குப் போய்க்கொண்டிருக்கும். சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, சங்கச் சந்தா ரசீது, கோயில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட குரூப் போட்டோ எல்லாம் அவரவர் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அம்பை, கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற தோழர்கள் இறங்கியவர்களின் வீடுகளுக்குப் போக வேண்டும். வாங்கிவரச் சொல்லவில்லை. பார்த்து, கேட்டு, அவர்கள் சம்மதித்தால் நகல் எடுத்து, யாருடையது என்று எழுதிவைக்க வேண்டும். மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வு கிடைக்காது.

ஊருக்கு வந்து இரண்டு வாரம் கழித்து அத்தை என்னைக் கூப்பிட்டு விட்டாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு பழைய பாஸ்புக்குக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தாள். மை பாதி மங்கியிருந்தது. ஒரு நாள் கொழுந்து எடை. 134 கிலோ. "அன்னைக்கு டிவிசன்லயே நாந்தான் முதல். சூப்பர்வைசரு ரெண்டு தடவ நிறுத்தான், நம்பல." கண்ணில் ஒரு சிரிப்பு. "இத வேணும்னா அலமாரில வையி."

பெயர் எழுத நோட்டை எடுத்தேன். சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அவளைச் சேர்த்த அன்றைக்கு ரைட்டர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறான். முப்பத்தி நாலு வருஷம் அந்தப் பெயருக்குத்தான் சம்பளம் வந்திருக்கிறது, கடைசியில் பணிக்கொடையும் அந்தப் பெயருக்குத்தான்.

"எந்தப் பேரு எழுத, அத்தே?"

"இரு," என்றாள். "ரோசிச்சுச் சொல்லுதேன்."